ஒரு நாய் இருக்கிறது. இன்னும் ஒன்றா, இரண்டா, வேண்டவே வேண்டாமா?

அல்லிப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வீட்டில் கருப்பி இருக்கிறாள். ஆறு வயது, 18 கிலோ, கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. குட்டியாக வந்த நாளிலிருந்து ஒற்றை நாய்தான். வீட்டில் நான், கணவர், பத்து வயது மகள், மாமியார். மாமியார் பகலில் வீட்டில் இருந்தாலும் மூட்டுவலி இருப்பதால் நாயைக் கயிறு பிடித்து வெளியே கூட்டிப் போக அவரால் முடியாது. காலையில் கணவர் அரை மணி நேரம், மாலையில் நான் முக்கால் மணி நேரம் நடத்திக் கூட்டி வருகிறோம்.

இப்போது விஷயம் என்னவென்றால், கணவரின் நண்பர் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. மூன்றுக்கு ஆள் கிடைத்தாயிற்று, மிச்சம் ஒரு கடுவன், ஒரு பெட்டை. இன்றைக்கு 5 வாரம் ஆகிறது, அடுத்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கணவர் இரண்டையுமே எடுத்துவிடலாம் என்கிறார், ஒன்றுக்கொன்று துணையாக விளையாடிக்கொள்ளும், நமக்கு வேலை குறைவு, கருப்பியும் தனியாக இருக்கும்போது ஊளையிடுவதை நிறுத்திவிடுவாள் என்பது அவர் கணக்கு. (மாமியாரும் எங்களோடு கிளம்பிவிட்டால் கருப்பி ஊளையிடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.) மகளுக்கு இரண்டு குட்டியும் வேண்டும், பெயர்கூட வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. ஒரு நாய் மூன்று நாயாக ஆவது என்பது ஒரு தாவலாகத் தெரிகிறது, ஆனால் எங்கே இடிக்கிறது என்று என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. இடம் இருக்கிறது, வருமானத்துக்கும் பழுதில்லை. அப்படியென்றால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாய் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அனுபவப்பட்டவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


ரெண்டுவால்:

அல்லிப்பூ, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மூன்று வருஷத்துக்கு முந்தைய என் வீடுதான் நினைவுக்கு வந்தது. நானும் இதே காரணத்துக்காக அண்ணன் தங்கை இரண்டையும் சேர்த்தே எடுத்தேன். ஒன்றுக்கொன்று துணை, வேலை குறையும் என்று எனக்கும் சொன்னார்கள். வேலை குறையவில்லை. முதல் ஒரு மாதம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தூங்கும், நாள் முழுக்க மல்லுக்கட்டும், எங்களுக்கும் அப்பாடா என்று இருந்தது. நாலாம் மாதம் வரும்போதுதான் தெரிந்தது, இரண்டும் எங்களை ஏறெடுத்தே பார்ப்பதில்லை என்று.

ஒரு நாள் தங்கையை மட்டும் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போக வர ஒரு மணி நேரம். திரும்பி வந்தால் அண்ணன் கதவின் கீழ்ப்பக்கத்தைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம், வாயோரம் நுரை, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. அங்கே டாக்டர் மேசையில் இவளும் நடுங்கிக்கொண்டேதான் இருந்தாள், கையில் நீட்டிய தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடி வரும், இல்லையென்றால் இரண்டும் வராது. எது யாருடைய பெயர் என்பதே அவற்றுக்குத் தெரியவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் பாடுபட்டோம். இரவு தனித்தனி அறையில் படுக்கை. தனித்தனியாக நடை. பயிற்சி ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பத்து நிமிஷம், மற்றது அந்த நேரத்தில் வேறு அறையில் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும். இரண்டு குட்டி என்றால் இரண்டு குட்டியின் வேலை, அதோடு இரண்டையும் பிரித்துப் பழக்கும் வேலை, ஆக மூன்று வேலை. இப்போது நன்றாக இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. அந்த ஆறு மாதத்தில் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆறு வயது நாயும் இருந்திருந்தால் அதை யார் கவனித்திருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

இன்னொன்று. அண்ணன் தங்கை என்ற முறையெல்லாம் நமக்குத்தான், நாய்களுக்குக் கிடையாது. பெட்டை ஏழாம் மாதமே பருவத்துக்கு வந்துவிட்டாள், இருவருக்கும் கருத்தடை செய்திருக்கவில்லை. அந்த மூன்று வாரமும் ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு மூடியிருக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள நாலு பேரும் காவல் காத்தோம். ஒரே ஒரு தடவை தவறியிருந்தால் சுமார் 63 நாள் கழித்து ஒன்பது நாய் வீட்டுக்காரனாக ஆகியிருப்பேன். கடுவனும் பெட்டையும் சேர்த்து எடுப்பதானால் கருத்தடையை எப்போது செய்வது என்று முதல் தடுப்பூசிக்குப் போகும்போதே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.


வேட்டைக்காரன்:

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. நாய் கூட்டமாக வாழ்கிற பிராணி, மூன்று இருந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். எது தலைவன் என்று அவற்றுக்குள் தீர்த்துக்கொள்ளும், அதுவரை நீங்கள் நடுவில் போகாதீர்கள். மூத்தது கருப்பி என்பதால் அவளுக்கே முதலில் சாப்பாடு, முதலில் வாசலைத் தாண்ட விடுவது என்று தலைமையை உறுதி செய்துவிட்டால் போதும். உங்களுக்கு மேலே எந்த நாயும் தலைவனாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.


நாலுகால்வீடு:

எங்கள் வீட்டில் நாலு இருக்கிறார்கள். அதனால் "அதிகம் வைக்காதீர்கள்" என்று நான் சொன்னால் எடுபடாது, அப்படிச் சொல்லவும் போவதில்லை. எண்ணும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். நாய்களை எண்ணாதீர்கள், ஜோடிகளை எண்ணுங்கள். இரண்டு நாய் என்றால் ஒரு ஜோடி, ஒரு உறவு. மூன்று என்றால் மூன்று ஜோடி. நாலு என்றால் ஆறு ஜோடி. ஐந்தாவதை எடுத்தால் பத்து. இந்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒத்துப்போக வேண்டும், ஒன்று பிசகினாலும் முழு வீடும் கதவு கதவாகப் பிரிந்துவிடும். இரண்டாவது நாயை எடுத்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்றாவது வந்த அன்றைக்குத்தான் வீட்டின் குணமே மாறியது. உங்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று தாவலாகத் தெரிகிறது என்கிறீர்களே, அது சரியான உணர்வு. பூஜ்யம் ஜோடியிலிருந்து நேராக மூன்று ஜோடிக்குப் போகிறீர்கள்.

இரண்டு நாய் உரசிக்கொண்டால் பெரும்பாலும் உறுமிவிட்டு விலகிவிடும். மூன்றாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் அது சும்மா நிற்காது, ஓடி வந்து கீழே விழுந்ததைக் கடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவை வாசல் மணி அடித்தது, அவ்வளவுதான் நடந்தது. நாலும் கதவுக்கு ஓடின, இடுக்கில் இடித்துக்கொண்டன, ஒன்று திரும்பி மற்றதன் காதைப் பிடித்தது. வாசலில் நிற்பவரைப் பார்த்து வந்த பரபரப்பு பக்கத்திலிருப்பவன் மேல் திரும்பிவிட்டது. நான் அவசரத்தில் கழுத்துப்பட்டையில் கையைக் கொடுத்தேன். மணிக்கட்டில் ஐந்து தையல், கடித்தது என் செல்லம்தான், அவனுக்கு அது என் கை என்றே அந்த நேரத்தில் தெரியாது. தயவுசெய்து யாரும் வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பின்னங்கால்களைத் தூக்கிக் கைவண்டி தள்ளுகிற மாதிரி பின்னால் இழுங்கள், தனியாக இருந்தால் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லை நடுவில் ஒரு பலகையோ நாற்காலியோ நுழையுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு கைதான். வீட்டில் தனியாக இருக்கும் மனிதர் எத்தனை நாயைப் பிரிக்க முடியும் என்பதும் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிற கேள்விதான், உங்கள் வீட்டில் பகலில் இருப்பவர் மூட்டுவலிக்காரர்.

அப்புறம் உண்ணி. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். போன வருஷம் எங்கள் இளையவளுக்கு உண்ணிக் காய்ச்சல். காலையில் படுக்கையை விட்டு எழவில்லை, ஈறு வெளிறிப் போயிருந்தது, ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) குறைந்துபோயிருந்தன. அவளுக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதவில்லை, நாலு பேருக்கும் ஒரே நாளில் உண்ணி மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் மேலிருந்து இன்னொன்றுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நாய் மேல் நாம் பார்க்கும் உண்ணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவர் இடுக்கில், கதவு நிலையில், படுக்கை மடிப்பில். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துச் சுவர் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் நோயாளிக்கு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, மற்ற மூன்றுக்கும் நடை, சாப்பாடு. என் மனைவி இல்லாமலிருந்தால் நான் அந்த வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நாலும் நன்றாக இருக்கிற நாளை வைத்து எண்ணக் கூடாது. ஒன்று படுத்துக் கிடந்து, வீட்டில் ஒரு மனிதரும் ஊரில் இல்லாத நாளில் எத்தனையைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அத்தனைதான் நம் எண்ணிக்கை. ஐந்தாவதாக ஒரு குட்டியை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள், அழுதுகொண்டே வேறு வீடு தேடிக் கொடுத்தேன்.


மருந்துவாசம்:

கால்நடை மருத்துவமனை ஒன்றில் 11 வருஷமாக உதவியாளராக வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. அல்லிப்பூ, முதலில் அவசரமான விஷயம்: அடுத்த வாரம் அந்தக் குட்டிகளை எடுக்காதீர்கள், நீங்கள் எடுக்காவிட்டாலும் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். 6 வாரம் மிகவும் சீக்கிரம். 8 வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவன் கத்துவான் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. பால்குடி மறக்கும் முன் பிரித்துக் கொண்டுவந்த குட்டிகளின் கடியைத் தினமும் பார்க்கிறோம்.

வேட்டைக்காரன் அண்ணா, வருத்தப்படாதீர்கள், நீங்கள் சொன்ன தலைவன் கதையை நாங்களும் நம்பிக்கொண்டிருந்தவர்கள்தான். 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார், அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் தலைமைப் போட்டி என்ற எண்ணம். இதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் அவர்களே காட்டில் பல வருஷம் கவனித்துவிட்டு, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பதாகச் சொல்வது பொருந்தாது என்று 1999-இல் எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததை நாய்க்குச் சொல்ல முடியுமா? "அவற்றுக்குள் தீர்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிட்டவர்களின் நாய்களைத்தான் நாங்கள் தையல் போட்டுக்கொண்டிருக்கிறோம். சண்டை ஒரு தடவை ரத்தம் வரைக்கும் போய்விட்டால் அந்த ஜோடிக்கு அது மறப்பதில்லை. சாப்பாட்டுக் கிண்ணங்களை ஆளுக்கொரு மூலையில், முடிந்தால் கதவு சாத்தி வைப்பது, எலும்பு மாதிரி அவற்றுக்கு ரொம்பப் பிடித்த பொருளைப் பொதுவில் போடாமலிருப்பது, உறுமினால் அடிக்காமல் விலக்கிவிடுவது, இவையெல்லாம் தலைமையை நிலைநாட்டுவதை விட ஆயிரம் மடங்கு பலன் தரும். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்கு அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது, அடுத்த தடவை சத்தமே இல்லாமல் பாயும்.

கருப்பி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருஷமாக ஒற்றையாக வாழ்ந்த பெட்டை. ஒரே வீட்டு நாய்களுக்குள் வருகிற கடுமையான சண்டைகள் பெரும்பாலும் ஒரே பால் ஜோடிகளில்தான், அதிலும் பெட்டைக்கும் பெட்டைக்கும் வந்தால் சமாதானம் ஆவது கஷ்டம். அதுவும் குட்டி வந்த அன்றைக்கு வராது. குட்டியைப் பெரிய நாய்கள் முதல் சில மாதம் பொறுத்துப் போகும், பிறகு இளையது ஒன்றரை, இரண்டு வயதாகி நிமிர்ந்து நிற்கும்போதுதான் வரும். அப்போது கருப்பிக்கு எட்டு வயது, இடுப்பு வலிக்க ஆரம்பிக்கிற வயது. வரும் என்று உறுதியாகச் சொல்லவில்லை, எத்தனையோ பெட்டைகள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். நீங்கள் கேட்பது முடிவு எடுக்க என்பதால் சொல்கிறேன், எடுப்பதானால் ஒன்று மட்டும், அதுவும் கடுவன்.

ரெண்டுவால் சொன்ன அண்ணன் தங்கை சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. அது டாக்டர் எழுதித் தருகிற நோய் அல்ல, எல்லா ஜோடிக்கும் வருவதும் அல்ல. ஆனால் ஒரே வயதுக் குட்டி இரண்டை ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வளர்த்தால் ஆளுக்கு ஆள் கிடைக்கும் நேரம் பாதியாகிறது என்பதில் சந்தேகமில்லை. 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைக்குமான காலத்தில்தான் குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் வண்டிகளையும் மற்ற நாய்களையும் பயமில்லாமல் ஏற்கப் பழகுகிறது, அந்தச் சில வாரம் போனால் திரும்பி வராது. இரண்டையும் தனித்தனியாக அந்த வாரங்களில் வெளியுலகம் காட்ட உங்களுக்கு ஆள் இருக்கிறதா? தடுப்பூசியும் அதே நேரத்தில்தான், 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி இருந்த இடத்தில் அந்தக் கிருமி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், இரண்டு குட்டி இருந்தால் ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும், வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே முடியாது.

செலவு பற்றி ஒன்றும் கேட்கவில்லை, இருந்தாலும்: பூச்சி மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடைக்குத் தகுந்த அளவு. 30 கிலோ நாய் ஒன்று, 10 கிலோ நாய் மூன்றுக்குச் சமம். தலையை மட்டும் எண்ணாமல் கிலோவையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் குட்டிகளின் தாய் எவ்வளவு பெரிது?

கடைசியாக ஊளை. கருப்பி யாருக்காக அழுகிறாள் என்று தெரியாமல் இன்னொரு நாயைக் கொண்டுவராதீர்கள். தனியாக விட்டால் பதறுகிற நாய்களில் பெரும்பாலானவை தேடுவது மனிதரை. பக்கத்தில் இன்னொரு நாய் படுத்திருந்தாலும் கதவைப் பார்த்து அழும், புது நாயும் சேர்ந்து அழக் கற்றுக்கொள்ளும். பழைய போன் ஒன்றை வீடியோ ஓட விட்டு வைத்துவிட்டு எல்லோரும் ஒரு மணி நேரம் வெளியே போய்ப் பாருங்கள். எத்தனையாவது நிமிஷத்தில் தொடங்குகிறது, ஜன்னலைப் பார்த்தா கதவைப் பார்த்தா, நடுவில் தூங்குகிறாளா, எச்சில் வடிகிறதா என்று குறித்து வையுங்கள்.


ஒற்றைவால்:

நான் சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரே ஒரு நாய்தான் வைத்திருந்தேன், பதிமூன்று வயது வரை இருந்தான், போன மாதம்தான் போனான். அவன் வாழ்ந்த காலமெல்லாம் "பாவம், துணைக்கு இன்னொன்று வாங்கக் கூடாதா" என்று கேட்காத ஆள் இல்லை. அவனுக்கு நான் துணையாக இருந்தேன். எங்கே போனாலும் வண்டியில் ஒரு நாய்க்கு இடம் இருந்தது, தெரிந்தவர் வீட்டில் ஒரு நாய் என்றால் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள், வாடகை வீடு மாறியபோது ஒரு நாய் என்றதும் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கியாவது சரி என்றார். கடைசி நாலு மாதம் எழுந்து நிற்க முடியாதபோது இடுப்புக்குக் கீழே துண்டு கொடுத்துத் தூக்கி இரவில் மூன்று தடவை வெளியே கொண்டுபோனேன், அதை இன்னொரு நாயின் நேரத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று என்பது குறைந்த எண்ணிக்கை அல்ல. அல்லிப்பூ, உங்கள் கருப்பிக்குக் குறை என்று நினைத்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள்.


ரெண்டுவால்:

ஒற்றைவால், உங்கள் பையன் போனது தெரியாது, மனசு கனத்துவிட்டது. துண்டு கொடுத்துத் தூக்கியதை எழுதியிருக்கிறீர்களே, எங்கள் பழைய நாய்க்கும் அப்படித்தான் செய்தோம். ஒரே வயதில் இரண்டு வைத்திருக்கும் எனக்கு இப்போதே இந்தப் பயம் உண்டு, இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் முதுமை வரும். இரண்டு வேண்டும் என்கிறவர்கள் நடுவில் நாலைந்து வருஷ இடைவெளி விடுவது இதற்காகவும்தான் நல்லது.


வேட்டைக்காரன்:

மருந்துவாசம், 1999 விஷயம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. எங்கள் வீட்டில் இரண்டு கடுவன் இருந்து ஒன்று மற்றதைக் கிழித்தபோது "தீரட்டும்" என்று நான் விட்டதுண்டு. அதற்குப் பிறகு அவை இரண்டும் ஒரு அறையில் இருந்ததே இல்லை, ஆறு வருஷம். அல்லிப்பூ, என் முதல் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.


அல்லிப்பூ:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு பதிலையும் கணவரையும் மகளையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். நாலுகால்வீட்டுக்காரர் சொன்ன ஜோடிக் கணக்கை மகள் ஒரு தாளில் நாய் படம் போட்டுக் கோடு இழுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறு நாய்னா பதினஞ்சு கோடும்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்தோம். அதை இரண்டு விதமாகச் செய்தோம். முதலில் கருப்பி மட்டும். கதவு சாத்திய நாலாவது நிமிஷத்தில் என் செருப்பு இருக்கும் இடத்துக்குப் போய் மோந்துவிட்டு வந்து கதவுக்கு நேராக உட்கார்ந்தாள். பதினோராவது நிமிஷத்தில் முதல் ஊளை. அதன் பிறகு நிறுத்தி நிறுத்தி முப்பது நிமிஷம். அடுத்த நாள் நாத்தனார் வீட்டு நாயைக் கூட்டிவந்தோம், கருப்பிக்கு நன்றாகப் பழகிய வயதான கடுவன். அவன் சோபாவுக்குக் கீழே சுருண்டு தூங்கிவிட்டான். இவள் அதே கதவு, அதே இடம், ஒன்பதாவது நிமிஷத்தில் ஊளை. ஒரு தடவைகூடத் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் கணவர் போனைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, பிறகு கருப்பி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

முடிவு இது. இரண்டு குட்டியையும் எடுக்கவில்லை. நண்பரிடம் பேசிவிட்டோம், 8 வாரம் முடியும் வரை தாயோடு விட ஒப்புக்கொண்டார், தனித்தனி வீடுகளாகத் தேடுகிறார், கடுவனுக்குக் கிடைத்துவிட்டது. (தாய் நாய் 32 கிலோவாம், அதை நான் கேட்கவே இல்லை பாருங்கள்.) மகள் ஒரு நாள் முழுக்க அழுதாள், அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கருப்பியின் ஊளை சரியான பிறகு இரண்டாவது ஒன்று பற்றி மறுபடி பேசலாம், அப்போதும் குட்டியாக இல்லாமல், வளர்ந்த கடுவன் ஒன்றைக் காப்பகத்திலிருந்து இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். மூன்றாவது என்ற பேச்சு இல்லை.

மருந்துவாசம், ஊளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் சாவியைக் கையில் எடுத்தாலே எழுந்து நிற்கிறாள்.


மருந்துவாசம்:

அந்தச் சாவியிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை சாவியை எடுங்கள், எங்கும் போகாமல் திரும்பி உட்கார்ந்து டீவி பாருங்கள், காய் நறுக்குங்கள். செருப்பையும் போட்டுப் போட்டுக் கழற்றுங்கள். சாவிச் சத்தத்துக்கு அவள் தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் நாள் வரும், ஒரு வாரமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். அதற்குப் பிறகுதான் கதவு. வெளியே போய் ஐந்து விநாடி, உள்ளே வந்துவிடுங்கள். பிறகு பத்து, இருபது, ஒரு நிமிஷம். உங்கள் வீடியோவில் முதல் ஊளை பதினொன்றாவது நிமிஷம், ஆனால் பதற்றம் நாலாவது நிமிஷத்திலேயே செருப்பிடம் தொடங்கிவிட்டது, ஆகவே இரண்டு நிமிஷத்தைத் தாண்டும்போது மெதுவாகப் போங்கள். ஒரு நாள் அழுதுவிட்டால் அடுத்த நாள் பாதி நேரத்துக்கு இறங்கிவிடுங்கள். இந்த வாரங்களில் அவளை நெடுநேரம் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு நாள் மூன்று மணி நேரம் விட்டால் செய்ததெல்லாம் வீணாகும். மாமியார் வீட்டில் இருப்பது இதற்குப் பெரிய வசதி. உட்கார்ந்த இடத்திலேயே சாவிப் பயிற்சியை அவர் செய்யலாம்.

எச்சில் ஒழுகுவது, தன்னையே கடித்துக்கொள்வது மாதிரி எதையாவது பார்த்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பயிற்சி சீக்கிரம் ஏறும். அந்த வீடியோவை அழிக்காதீர்கள், டாக்டருக்கு அது உதவும்.


அல்லிப்பூ:

மாமியார் காலையிலிருந்து சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதுவரை ஏழு தடவை எடுத்தாயிற்று. முதல் ஆறுக்கும் கருப்பி எழுந்தாள். ஏழாவதற்கு ஒரு காதை மட்டும் தூக்கினாள்.